விலாசம் இல்லாதவனின் வங்கிக் கணக்கு

சாய்ந்தமருது
12.02.2024

அன்புள்ள தம்பி அஸீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பதியுதீன் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் சுகத்தைத் தொலைபேசியில் விசாரித்தால் "சுகம், சுகம்" என்று இரண்டு தரம் சொல்கிறாய், பிறகு லைன் அறுந்துவிடுகிறது. உன் வங்கி கேட்கிற தாள்களை எப்படியும் கூரியரில் அனுப்பத்தான் வேண்டும். அந்த உறைக்குள் நானும் ஒரு கடிதம் வைத்தால் எடை கூடிவிடாது என்று இதை எழுதுகிறேன். போனில் கதைக்கும்போது வீட்டில் எல்லோரும் காது கொடுத்துக்கொண்டு இருப்பதால் உன்னை ஆற அமர ஏசவும் முடியவில்லை.

இத்துடன் நாம் இருவரும் பணிப்பாளர்களாக இருக்கிற கம்பனியின் பதிவுப் பிரதியும் நம் இருவரின் கடவுச்சீட்டுப் பிரதிகளும் இருக்கின்றன. போன முறை நொத்தாரிஸின் முத்திரை கறுப்பாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த முறை நீலம். அதுவும் பிடிக்காவிட்டால் மருதாணியில் குத்தி அனுப்புகிறேன் என்று உன் வங்கியிடம் சொல்.

படகு வார்க்கிற இரண்டு அச்சுகளையும் கப்பலில் ஏற்றிவிட்டு மலாவிக்குப் புறப்பட்ட அன்று நீ என்ன சொன்னாய்? "அங்க கடல் மாதிரி ஒரு ஏரி இரிக்கி ராத்தா, நம்மட பைபர் போட்டக் கண்டா சனம் வரிசையில நிக்கும்" என்றாய். நீ சொன்னது பொய்யில்லை. சனம் நிற்கிறது, படகு விற்கிறது, காசும் வருகிறது. வந்த காசை வைக்க ஒரு வங்கிக் கணக்கு மட்டும் இல்லை. இதை நான் வெளியில் சொன்னால், தம்பி அங்கே படகு விற்கிறானா கதை விற்கிறானா என்று கேட்கிறார்கள்.

மருதமுனையில் ஹிமாயாவின் வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடிந்தது. அவளுடைய வாப்பா கச்சிமுகம்மது, மகளுக்கென்று கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று நீ இங்கே இருக்கும்போதே பேசி முடித்தது. நீயும் ஓம் என்றுதான் சொன்னாய். ஆகவே கணக்கைத் திறந்து காசைப் பத்திரப்படுத்திவிட்டு நேரத்துக்கு வந்து சேர். வீடு மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறது.

துஆவுடன்,
உன் ராத்தா சுல்பிகா


மங்கோச்சி, மலாவி
05.03.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். இடையில் மலேரியா வந்தது, போய்விட்டது. மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். பூனை குட்டி போட்டதாகப் போனில் கேட்டது, அதன் சுகத்தையும் அறியத் தரவும்.

நீல முத்திரையை ஏற்றுக்கொண்டார்கள். வங்கி முகாமையாளர் மிகவும் நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்ட மனிதராக இருந்தால் சண்டை பிடிக்கலாம். இவர் கதிரை தந்து, தேநீர் தந்து, என் குடும்பத்தை விசாரித்து, பிறகு சிரித்துக்கொண்டே அடுத்த தாளைக் கேட்கிறார்.

இப்போது கேட்பது விலாசத்துக்கு அத்தாட்சி. என் பெயரில் ஒரு மின்சார பில், இல்லாவிட்டால் தண்ணீர் பில். எந்த நாட்டுப் பில்லாக இருந்தாலும் பரவாயில்லையாம். நான் வாடகைக்கு இருக்கும் அறை ஸைனபு அம்மாவின் வீட்டில் இருக்கிறது, பில் அவருடைய பெயரில். ஊரில் என் பில்லைக் கேட்டார். இல்லை என்றேன். "முப்பத்தொரு வயது மனிதருக்கு உலகத்தில் எங்கேயும் ஒரு வீடு கிடையாதா?" என்று உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டார். நம்முடைய ஊரில் வீடு பெண்களுக்குத்தான், கல்யாணம் முடிக்கிற வரைக்கும் ஆணுக்கு விலாசமே இல்லை என்று அவருக்கு விளக்கினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, "அப்படியானால் யாராவது அதை எழுத்தில் தரட்டும்" என்றார்.

காசு விஷயம் இதை விட மோசம். இங்கே தக்காளி விற்கிற பெண்ணும் போனில்தான் காசு வாங்குகிறாள். மீனவர்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் நான் வெளிநாட்டான் என்பதால் என் போன் ஒரு அளவுக்கு மேல் வாங்காது. ஒரு படகின் விலை அதற்குள் கொள்ளாது. மீதியை நோட்டாகத் தருகிறார்கள். இந்த நாட்டுக் காசான க்வாச்சாவின் பெறுமதி போன நவம்பரில் விழுந்த பிறகு, கொஞ்சக் காசு என்றாலும் ஒரு மூட்டை வருகிறது. படகு வார்க்கிற ரெசின் தீர்ந்த வெறும் பீப்பா ஒன்றுக்குள் போட்டு மூடி, அதன் மேல் பாய் விரித்துப் படுக்கிறேன். முதுகு வலிக்கிறது.

கிராம சேவகரிடம் ஏதாவது வாங்கி அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்,
அஸீம்


சாய்ந்தமருது
21.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

ஸலாம். நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் மூன்று கந்தோர் ஏறி இறங்கிவிட்டு வந்து எழுதுகிறேன். ஆகையால் சுகம் விசாரிக்கிற பகுதியை நீயே நிரப்பிக்கொள்.

மின்சார பில் என் பெயரில், வீட்டு உறுதி என் பெயரில், தண்ணீர் பில்லும் என் பெயரில். உம்மா மௌத்தாகும் முன் எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் உன் பெயரில் இருப்பது ஒரு பழைய சைக்கிள் மட்டும்தான். கிராம சேவகரிடம் போய், என் தம்பி என் வீட்டில்தான் குடியிருந்தான் என்று சான்று தாருங்கள் என்றேன். அவர் காரைதீவுக்காரர், நல்ல பொடியன். "இப்ப இரிக்காரா?" என்றார். இல்லை, மலாவியில் என்றேன். "அப்ப இஞ்ச குடியிரிக்கார் எண்டு நான் எப்பிடிச் செல்லுற?" என்றார். அவர் சொல்வதும் சரிதானே. கடைசியில் சமாதான நீதவான் முன்னால் நானே சத்தியக்கூற்று முடித்து அனுப்புகிறேன். கல்யாணம் முடிக்காத ஆண்களுக்கு எங்கள் ஊரில் வீடு இருப்பதில்லை என்று அதில் எழுதச் சொன்னேன். தட்டெழுதிய பிள்ளை தலையைக் குனிந்து சிரித்தாள்.

பீப்பாவில் காசை வைத்துக்கொண்டு அதன் மேல் படுக்கிறாயா? உனக்குப் புத்தி எங்கே போனது? ஒரு நெருப்புக் குச்சி விழுந்தால் ரெசினோடு சேர்ந்து எல்லாம் போய்விடும். நீயும் போய்விடுவாய். இவ்வளவு நாளும் நம் குடும்பங்களில் காசையும் காணியையும் எப்படிக் காப்பாற்றினார்கள்? பெண்களின் பெயரில் வைத்துத்தானே. உன் ஸைனபு அம்மா தொழுகையாளி என்று சொன்னாய். அப்படி ஒரு நல்ல வீட்டுப் பெண்ணின் போனில் காசை வாங்கி வை. ஆண்களின் கையில் மட்டும் கொடுத்துவிடாதே. உண்டியல்காரனிடம் கொடுத்து இங்கே அனுப்பலாம் என்று கனவும் காணாதே. நேர்வழியில் வராத காசு இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது.

பூனை சுகமாக இருக்கிறது. ஹிமாயாவும் சுகமாக இருக்கிறாள், நீ கேட்கவில்லை என்றாலும்.

உன் ராத்தா


மங்கோச்சி
24.04.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் நன்றாகக் கழிந்தது. இங்கே யாவோ மக்களில் பெரும்பாலானோர் நம்மைப் போல் முஸ்லிம்கள்தான். ஏரிக்கரையில் தொழுதோம். ஸைனபு அம்மா வீட்டில் ஆட்டிறைச்சியும் சோறும். நம்முடைய வட்டிலப்பம் இல்லையே என்று மட்டும்தான் குறை.

சத்தியக்கூற்றை வங்கி ஏற்கவில்லை. முத்திரை மூன்று மொழிகளில் இருக்கிறது, இதில் எது சட்டபூர்வமான மொழி என்று கேட்டார்கள். மூன்றும் என்றேன். தலைநகரத்துக்கு அனுப்பிக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இதற்கிடையில் என் கோப்பைப் பார்த்த அலுவலர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதியவர் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார், மெதுவாக வாசிக்கிற மனிதர்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். ஸைனபு அம்மாவுக்குப் போன் என்றாலே பயம். அவருடைய மகள் ஆஸியாத்து படகுத்துறையில் குடைக்குக் கீழே மேசை போட்டுப் போன் காசு மாற்றுகிற வேலை செய்கிறாள். இந்த ஊர்ப் பெண் என்பதால் அவளுடைய கணக்கில் தடையில்லை. இப்போது படகுக்காரர்கள் நேராக அவளுக்கு அனுப்புகிறார்கள். அவள் மாலையில் எவ்வளவு வந்தது என்று சொல்லிவிட்டு, எனக்குச் செலவுக்கு வேண்டியதை எடுத்துத் தருகிறாள். வீண் செலவுக்குக் கேட்டால் தர மாட்டாள். போன வாரம் நான் ஒரு சப்பாத்து வாங்கக் கேட்டேன், என் காலைப் பார்த்துவிட்டு இருக்கிற சப்பாத்து போதும் என்றுவிட்டாள். என் காசு ராத்தா, நானே உழைத்த காசு.

முதுகு வலி குறைந்துவிட்டது.

உங்கள் தம்பி,
அஸீம்


சாய்ந்தமருது
13.05.2024

தம்பி அஸீமுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். மூன்று மொழிகளையும் பற்றி வங்கிக்கு ஒரு விளக்கக் கடிதம் சட்டத்தரணியிடம் எழுதி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்கு அவர் வாங்கிய கூலியில் இங்கே ஒரு வங்கியையே திறந்திருக்கலாம்.

நமக்குக் கடனுக்கு ரெசின் தந்த கடைக்காரர் தினமும் வந்து போகிறார். மச்சான் அவரைக் கண்டால் தொழப் போய்விடுகிறார். நேரமில்லாத நேரத்தில் எல்லாம் தொழுகிற ஒரே மனிதர் இந்த ஊரில் அவர்தான். ஒரு டொலராவது அனுப்ப ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்.

கச்சிமுகம்மது வந்திருந்தார். பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் முற்பணம் கொடுக்கவா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் நெடுநேரம் இருந்து தேநீர் குடித்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "மாப்பிள்ள ஹிமாயாக்கு ஒரு கோல் எடுத்தா புள்ள சந்தோசப்படும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேசி முடித்த பெண்ணுடன் நீ ஒரு தரமாவது கதைத்தாயா? என் பூனையை விசாரிக்கிறாய், ரெசினை விசாரிக்கிறாய், அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த ஆஸியாத்து கல்யாணம் முடித்தவளா? சும்மா கேட்கிறேன்.

ராத்தா


மங்கோச்சி
08.06.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

சட்டத்தரணியின் கடிதம் நன்றாக வேலை செய்தது. மூன்று மொழிப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது சொல்வது என்னவென்றால், சத்தியக்கூற்று என் விலாசத்தைச் சொல்லவில்லை, எனக்கு விலாசம் இல்லை என்பதைத்தான் சொல்கிறதாம். வாசித்துப் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது.

டொலர் விஷயம் கேட்டீர்கள். கணக்கு இருந்தாலும் டொலருக்கு வரிசை. பெட்ரோலுக்கு ஒரு வரிசை, டொலருக்கு ஒரு வரிசை. பெட்ரோல் வரிசை அசைகிறது. இங்கே துவரை நன்றாக விளைகிறது. காசுக்குப் பதிலாகத் துவரம்பருப்பு ஒரு கொள்கலன் அனுப்பலாம் என்று ஒரு வியாபாரி சொல்கிறார். மச்சானிடம் கேட்டுப் பாருங்கள். மழைக்கு முன் அடுத்த படகுகளை இறக்க வேண்டும், அச்சு ஒன்று வெடித்திருக்கிறது, அதையும் திருத்த வேண்டும்.

இந்த நிலைமையில் பெருநாளைக்குப் பிறகு வர முடியாது ராத்தா. வங்கி முடியாமல் எப்படி விட்டுவிட்டு வருவது? நிக்காஹைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். வங்கிதான் காரணம் என்று அவர்களிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நேற்று ஆஸியாத்துவின் மாமா ஸயீதி, அவளுடைய உம்மாவின் மூத்த சகோதரர், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். ஒரு விஷயம் கதைத்தார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அஸீம்


சாய்ந்தமருது
30.06.2024

அஸீமுக்கு,

ஸலாம் சொல்வது நபிவழியான சுன்னத் என்பதால் சொல்கிறேன்.

நிக்காஹ் நடக்க வேண்டிய வெள்ளிக்கிழமை அன்று நான் மருதமுனைக்குப் போய், போட்ட பந்தலைப் பிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கச்சிமுகம்மது சபையில் என்னிடம் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. வங்கி, விலாசம், டொலர் வரிசை என்று நான் விளக்கினேன். என் வாயால் சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. சமையலுக்குப் பேசின மாட்டை இறைச்சிக்கடைக்காரனுக்கே திருப்பி விற்றார்கள். ஹிமாயா எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, "காக்கா சுகமா இரிக்காரா?" என்று உன்னை விசாரித்தாள். சுகம் என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

எனக்குத் துவரம்பருப்பு வேண்டாம். நான் பலசரக்குக் கடை போடவில்லை. எனக்கு வேண்டியது நீ. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வா. மச்சான் அங்கே வந்து பட்டறையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, விமானமும் ஏறியதில்லை, இருந்தாலும் வருகிறேன் என்கிறார். அந்த மனிதருக்கு இருக்கிற வெட்கம் உனக்கு இல்லையா?

அந்த மாமா என்ன கதைத்தார்? பிறகு எழுதுகிறேன் என்கிற பழக்கத்தை எப்போது பழகினாய்? வங்கிக்காரரிடமா?

சுல்பிகா


மங்கோச்சி
27.08.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும்.

அல்ஹம்துலில்லாஹ், கணக்கு திறந்தாயிற்று. விலாசம் சரியாகிவிட்டது. காசு எல்லாம் வங்கிக்கு மாறிவிட்டது. டொலர் வரிசையில் கம்பனியின் பெயரும் ஏறியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பலாம் என்று முகாமையாளர் சொல்கிறார். நீங்களும் பணிப்பாளர் என்பதால் உங்கள் மாதிரிக் கையொப்பம் தேவை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் மட்டும் கையொப்பமிடுங்கள், கோட்டில் முட்டக் கூடாது.

மச்சான் வர வேண்டாம்.

வஸ்ஸலாம்,
அஸீம்


சாய்ந்தமருது
11.09.2024

தம்பி,

ஸலாம். கணக்கு திறந்த செய்தியை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்குப் போய் நன்றிக்கு ஷுக்ருடைய ஸஜ்தாச் செய்துவிட்டு, வரும் வழியில் ரெசின் கடைக்காரருக்கும் சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு நாளாக உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நான் இந்த ஊர்ப் பெண் அஸீம். ஆணுக்கு விலாசம் எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டை நீ எழுதவில்லை. உன் பெயரில் நீ வீடு கட்டவும் இல்லை. ஹிமாயாவின் வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது.

வங்கிக்கு யாருடைய வீட்டை உன் வீடு என்று எழுதிக் கொடுத்தாய்?

கையொப்பத் தாள் என்னிடம் இருக்கட்டும்.

ராத்தா


மங்கோச்சி
19.10.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை எத்தனையோ தரம் தொடங்கிக் கிழித்தேன். சுகம்தான், ஆனால் நிம்மதி இல்லை.

ஆஸியாத்துவின் வீட்டைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவளை ஜூலை மாதம் நிக்காஹ் செய்தேன். அவர்களுடைய வழமைப்படி, முன்பு வாடகைக்கு இருந்த அதே வீட்டில் இப்போது அவளுடைய கணவனாக இருக்கிறேன். இந்த ஊர்த் தலைவர், இன்னாருடைய கணவர் இந்த வீட்டில் வசிக்கிறார் என்று ஒரு கடிதம் தந்தார். வங்கி அதை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. அவ்வளவு தாள்களில் இது ஒன்றுதான் முதல் தரத்திலேயே சரியானது.

ஸயீதி மாமா வந்த அன்று சொன்னதைச் சொல்கிறேன். அவர் கோபப்படவில்லை. "உன்ட உழைப்பெல்லாம் எங்கட புள்ளட கையில கிடக்கு. அவள் தந்தாத்தான் நீ சப்பாத்து வாங்குறாய். ஊர் அவள உன்ட பொண்டாட்டி எண்டுதான் கதைக்கி. ஒண்டு, அத உண்மையாக்கு. இல்லாட்டிக் காச எடுத்துட்டு வேற வீடு பார்" என்றார். அவர் தன் மொழியில் சொன்னார், எனக்கு நம்முடைய மொழியில்தான் கேட்டது. நம் ஊரில் ஒரு மாமா வந்து நின்றாலும் இதையேதான் சொல்லியிருப்பார். காசைப் பெண்ணின் பெயரில் வை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். காசை எடுக்கலாம் என்றால் வைக்க ஒரு வங்கி இல்லை. அதனால்தான் இப்படி ஆயிற்று என்று உங்களுக்கு எழுதலாம் என்று முதலில் நினைத்தேன்.

அப்படி எழுதினால் அது பொய். வங்கி அன்றைக்கே கணக்கைத் திறந்து தந்திருந்தாலும் நான் காசை எடுத்திருக்க மாட்டேன் ராத்தா. மாலையானால் அவள் குடையை மடித்துக்கொண்டு வந்து அன்றைய கணக்கைச் சொல்லுகிற அந்த நேரத்துக்காகத்தான் நான் பகலெல்லாம் வேலை செய்தேன். நீங்கள் அவள் கல்யாணம் முடித்தவளா என்று கேட்ட கடிதம் வந்தபோதே எனக்கு அது தெரியும். எழுதத் தைரியம் வரவில்லை. வங்கி ஒரு நல்ல சாட்டாக இருந்தது. ஒவ்வொரு தரமும் அவர்கள் தாளைத் திருப்பித் தந்தபோது வெளியில் ஏசினேன், உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது.

ஹிமாயாவிடம் நீங்கள் சொல்லுங்கள். என்னால் முடியாது. வங்கிப் பிரச்சினையால் இங்கேயே தங்க வேண்டி வந்துவிட்டது என்று சொன்னால் அவர்களுக்கும் மரியாதையாக இருக்கும்.

உங்கள் தம்பி,
அஸீம்


சாய்ந்தமருது
14.11.2024

அஸீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் உன் மனைவிக்கும்.

உன் கடிதம் வந்த அன்று நான் சோறு ஆக்கவில்லை. மச்சான் கடையில் கொத்துரொட்டி வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "புள்ள தொழுமாமா?" என்று கேட்டார். அவருடைய கவலை எல்லாம் அவ்வளவுதான். எனக்கு அப்படி ஆற முடியவில்லை. உம்மா மௌத்தான பிறகு உன்னை நான் வளர்த்தேன். உன் நிக்காஹுக்கு என்ன உடுப்பது என்று ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்தேன். நீ எனக்குச் சொல்லாமல் எங்கோ ஒரு ஏரிக்கரையில் மாப்பிள்ளையாகி உட்கார்ந்திருக்கிறாய். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தக் கடிதத்தில் அடங்காது.

ஆனாலும் நீ போய் இருப்பது உன் மனைவியின் வீட்டில். நம் ஆண்கள் எல்லோரும் போகிற இடம்தான், கொஞ்சம் தூரமாகப் போய்விட்டாய். அதற்காக நான் உன்னை விலக்க மாட்டேன். சப்பாத்து வாங்க விடாத பெண் என்றால் உனக்குச் சரியானவள்தான். கையொப்பமிட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ரெசின் கடைக்காரருக்கு முதலில் அனுப்பு.

மருதமுனைக்கு நான் தனியாகப் போனேன். கச்சிமுகம்மது வெளியே கதிரையில் இருந்தார். உன் கடிதத்தில் இருந்தபடி தொடங்கினேன். வங்கி இழுத்தடித்தது, காசு முடங்கியது, தம்பி அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது, அங்கே ஒரு நிக்காஹும் ஆகிவிட்டது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிலத்தையே பார்த்தார். பிள்ளையை இரண்டாந்தாரமாக எடுத்தாலும் என்று பக்கத்தில் நின்ற உறவுக்காரர் ஒருவர் வாய் திறந்தார். கச்சிமுகம்மது கையைத் தூக்கி அதை நிறுத்தினார்.

ஹிமாயா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் எழும்பும்போது வெளியே வந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"கலியாணம் வேணா எண்டு செல்லுறத்துக்கு ஒரு பேங்க் எதுக்கு ராத்தா?"

கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். உனக்காக நான் கட்டியிருந்த பொய்களையெல்லாம் அந்தப் பிள்ளை ஒரு கேள்வியில் அவிழ்த்துவிட்டாள். வழியெல்லாம் எனக்கு அவளுடைய கைதான் நினைவில் இருந்தது.

நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் பெருநாளைக்கு முன்னமே அழுது முடித்திருப்பாள். மாதக்கணக்கில் அவளை ஒரு வரிசையில் நிறுத்தி வைத்தாய். வங்கி உனக்குச் செய்ததை நீ அவளுக்குச் செய்தாய். வங்கிக்காரராவது உன்னைக் கதிரையில் இருத்தித் தேநீர் தந்தார்.

ஆகையால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஹிமாயாவுக்கு நீயே ஒரு கடிதம் எழுது. எனக்கு அனுப்பி அவளிடம் கொடுக்கச் சொல்லாதே, அவளுடைய பெயருக்கே அனுப்பு. அவளுக்கு வீடு இருக்கிறது, விலாசமும் இருக்கிறது, தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு வேறொருத்தியைப் பிடித்தது என்று எழுது. பயந்தேன் என்று எழுது. மன்னிப்புக் கேள், அவள் தராவிட்டால் அதையும் வாங்கிக்கொள்.

அந்தக் கடிதத்தில் வங்கியைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.

உன் ராத்தா,
சுல்பிகா